சூடு போட்ட நாலு மாடு

மாட்டுக்கறியில் உப்புப் போட்டுக் கப்பலுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. நானும் என் மனைவியின் தம்பியும் செய்தோம். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை அப்படித்தான். அறுப்பது நான். எலும்பு நீக்கி உப்பு தேய்ப்பது அவன். பீப்பாயில் அடுக்கி, உப்புத்தண்ணி ஊற்றி, மூடி அடித்துவிட்டால் ஆறு மாசம் கெடாது. பசியாவரத்துப் படகுக்காரர்கள் ஏற்றி, முகத்துவாரத்துக்கு அப்பால் நிற்கும் டச்சுக்காரரின் உலாந்தாக் கப்பலில் சேர்ப்பார்கள். ஊரில் இந்தக் கறி வாங்க ஆள் குறைவு. கப்பல்தான் எங்களுக்குச் சோறு.

ஒரு வருஷம் காட்டூர்ப் பக்கம் மாட்டுக்கு வெக்கை நோய் வந்தது. கண்ணில் நீர் வடியும். வாய் புண்ணாகும். கழிச்சல் எடுத்து அஞ்சாம் நாள் விழும். உழுகிற மாடெல்லாம் போய் நிலம் தரிசாகக் கிடந்தது. நோய் மாட்டை நாங்கள் தொடவில்லை. தொடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? பழவேற்காட்டுக் கறி இனி வேண்டாம் என்று கடல் தாண்டி அக்கரைத் துறைமுகத்திலிருந்து உலாந்தாக் கோட்டைக்குக் கடுதாசி வந்துவிட்டது. அதன்பிறகு வந்த கப்பல்கள் தண்ணியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போயின. எங்கள் பீப்பாய்கள் கரையில் நின்றன.

மச்சான் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தான். பழக்கமில்லாத கை. கூட இறங்கினவர்கள் விடவில்லை. "இன்னா பாய், எறாலுக்குக் கழுத்து தேடறியா?" என்று கேட்டார்கள். அவனும் சிரித்தான்.

வீட்டில் ஒருவேளைக் கஞ்சி. என் மனைவிக்குப் பால் வற்றி, கைக்குழந்தை செத்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிறகு ஒருநாள், வெள்ளைக்காரர் பேச்சை எங்களுக்குச் சொல்கிற கோட்டைத் துபாஷி கூப்பிட்டு அனுப்பினார்.

"நாலு மாடு கொண்டா. கோட்டைப் பட்டியில ஒரு மாசம் நிக்கட்டும். வெள்ளைக்கார வைத்தியர் தினம் பார்ப்பார். நோய் இல்லன்னா கடுதாசி எழுதித் தருவார். அது இருந்தா கப்பல் ஏத்தும்."

மனைவி காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். தெற்கே நோய் எட்டாத ஊராகப் பார்த்து நாலு எருது வாங்கினோம். இளசு, நல்ல திடம். திரும்பும் வழி காட்டூர். அங்கே செத்த மாட்டின் நாற்றம் இன்னும் போகவில்லை. வெக்கை வந்த ஊர் வழியாக மாடு ஓட்டினால் சூடு போட்டுத்தான் ஓட்டுவோம். அத்தா காலத்திலிருந்து அப்படி. ஊருக்கு முன்னால் நிறுத்தி இரும்பைக் காய்ச்சினேன்.

"போடணுமா, மச்சான்?" என்றான் அவன்.

"ஒண்ணுக்கு வந்தா நாலும் போச்சு. புடி."

விலாவில் மூன்று மூன்று கோடு இழுத்தேன்.

பட்டியில் வைத்தியன் மாட்டைச் சுற்றி வந்தான். சூட்டுக் காயத்தில் விரலை வைத்தான். துபாஷியிடம் ஏதோ கத்தினான். துபாஷி என் பக்கம் திரும்பினார்.

"நோய் மாட்டுக்கு வைத்தியம் பண்ணி மறைச்சுக் கொண்டாந்திருக்கியாம்."

"இல்லீங்க ஐயா. நோய் வரக்கூடாதுன்னு போட்டது."

"அதைத்தான்யா அவர்கிட்ட சொன்னேன். சொகமா இருக்கிற மாட்டை எவனாவது சுடுவானான்னு கேக்கறார்."

மாசம் முழுக்க நிற்கட்டும், பாருங்கள் என்று காலில் விழுந்தேன். விட்டார்கள். தினமும் போய்ப் புல் போட்டேன், ஈ ஓட்டினேன். ஒரு மாட்டுக்கும் ஒன்றும் வரவில்லை. காயம் ஆறித் தழும்பாயிற்று.

மாசம் முடிந்தது. துபாஷி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாடு நல்ல மாடுதான்னு ஒத்துக்கறார். ஆனா தோல்ல தழும்பு இருந்தா கடுதாசி எழுத அவருக்கு உத்தரவு இல்ல. கப்பல் ஆளுங்களுக்கு இந்தக் கறி ஆவாது. அடித்தட்டுல போறவங்களுக்குன்னா கடுதாசி வேணாம். ஏத்தலாம்."

அடித்தட்டில் போகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். மாடு செத்து, நிலம் போய், பசி தாங்காமல் தங்களை விற்றுக்கொண்டவர்கள். பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. அக்கரைக்கு அடிமையாகப் போக, கோட்டைக்கு வெளியே கயிற்றில் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் காட்டூர்ப் பக்கத்துக் குடியானவர்கள்.

மச்சான் சொன்னான், "அவங்க மாட்டைக் கும்புடறவங்க ஐயா. தின்ன மாட்டாங்க."

"கடல்ல மூணு நாள் போனா தின்னுவாங்க," என்றார் துபாஷி. "ஏத்தறியா, இல்லியா?"

மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். "இது வேணாம் மச்சான். வா போலாம்."

"ஏத்தறேன்," என்றேன்.

நாலையும் அறுத்தேன். மச்சான் வரவில்லை. உப்பும் நானே தேய்த்தேன். என் மனைவி பீப்பாயில் அடுக்கினாள்.

பீப்பாய்களும் அடிமையாகப் போகிறவர்களும் ஒரே படகில் போனார்கள். இடம் இல்லாமல் ஒரு பெண் பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை. உள்ளே இருப்பது இன்னதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கரையில் பக்கத்திலேயே நின்றேன். நானும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் சோறு வெந்தது. அடுத்த கப்பலுக்கும் பீப்பாய் கேட்டார்கள். கொடுத்தேன்.