உப்புக்குள் போன வலது செருப்பு

பிள்ளைகளே, நான் வேலை பார்க்கும் இந்தப் பாலைவன தேசத்து ஓட்டலில் விரல் நீளக் காகிதப் பொட்டலத்தில் உப்பு தருகிறார்கள். பாதியைத் தூவிவிட்டு மீதியைக் குப்பையில் போடுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்த எனக்கு அது இன்னும் பழகவில்லை. உங்களில் சிலருடைய அப்பாவும் இப்படித் தூர தேசத்தில் இருப்பார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் என் மனைவி செல்வியும் மகன் கவினும் விசிட் விசாவில் வந்தார்கள். கவினுக்கு ஆறு வயது. அவனுக்கு நான் போனுக்குள் இருக்கிற ஆள். நேரில் கண்டதும் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். ஊர் திரும்புவதற்குள் ஒருமுறையாவது அவனாகவே வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பாலைவனக் குகைகளைக் காட்டக் கூட்டிப்போனேன். காற்று குடைந்து குடைந்து மணற்பாறை முழுக்க ஓட்டை. சிலவற்றில் ஆளே படுக்கலாம். பாறைக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு திடல். கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு! எனக்குக் கால் பரபரத்தது. எங்கள் ஊரில் உப்பு எடுக்கும் பருவம் தொடங்குமுன் உப்புப் பாத்தியின் களிமண்ணை வரிசையாக நின்று மிதித்து மிதித்து இறுக்குவோம். அப்புறம் உப்பின்மேல் பயமில்லாமல் நடக்கலாம்.

“டேய் கவினு, நம்ம உப்புடா இது. ஓடு!”

“உள்ள போயிடாதா?”

“அப்பா சொல்றேன்ல? கல்லு மாதிரி இருக்கும்.”

குகை வாசலிலிருந்த காவல்காரப் பெரியவர் இரண்டு கைகளையும் கீழ்நோக்கி ஆட்டினார். “பாரு, தாத்தா வாங்கன்னு கூப்பிடறாரு” என்றேன். அவர் நில்லுங்கள் என்றிருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

நாலடி ஓடியவன் முழங்கால் வரை புதைந்தான். யார் காலும் மிதிக்காத உப்பு அது. மேலே மெல்லிய உப்பு ஓடு, அடியில் சேறு. “ம்மா!” என்று அலறினான். நான் குப்புறப் படுத்து இழுத்தேன். கால் வந்தது, வலது செருப்பு வரவில்லை. பெரியவர் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிவிட்டார். என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். திட்டு என்பது மட்டும் புரிந்தது.

“உப்பளத்துக்காரரு உப்ப பார்த்த லட்சணம்!” என்று செல்வி சிரித்தாள். கவின் சிரிக்கவில்லை. “நீதான சொன்ன?” என்றான்.

குகைக்குள் சுவரைத் தொட்டால் மணல் உதிர்ந்தது. எங்கள் ஊர் உப்புக் கொட்டகைச் செங்கல்லும் இப்படித்தான் பொரிந்து உதிரும். காட்டலாமென்று கை நீட்டினேன். அவன் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவர்கள் விமானம் ஏறும்வரை என் கை சும்மாவே இருந்தது.

போன வாரம் செல்வி போனில் சொன்னாள்: “அந்த ஒத்த செருப்ப தூக்கிப் போட வுட மாட்டேங்கிறான்ங்க. இன்னொன்ன அப்பா எடுத்துட்டு வருவாருன்னு வாசல்லயே வெச்சிருக்கான்.”

நேற்று மறுபடி அங்கே போனேன். அவன் புதைந்த குழியைப் புது உப்பு மூடியிருந்தது, இடமே தெரியவில்லை. மரக்காணத்தில் எங்கள் வாசலில் இடது செருப்பு, இந்த உப்புக்கடியில் எங்கோ வலது. திடலின் ஓரத்தில் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.