இடது கரைக்கு அடித்த அட்டைகள்

தாமல் ஏரிக்கரை கண்ணிலிருந்து மறையும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும்படி அங்கே எதையும் விட்டுவிட்டு வரவில்லை. ஏழு வாரம் ஓர் அரிசி ஆலையில் இருந்தேன். லாரிகள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் பதிந்துவைக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அது நன்றாக ஓடியது. நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. "லாரி நம்பரை நீயே தட்டிக்கினு இரு, சோறும் இடமும் இருக்குது" என்றார்கள். நான்கு நாள் தட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். எந்தச் சண்டையும் இல்லை. இந்த நாற்பது வயதுக்குள் இப்படி நான் கிளம்பி வந்த இடங்கள் பதினைந்துக்கு மேல் இருக்கும்.

பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, மூடி கழன்ற மடிக்கணினி. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்து, கேட்டதையும் பார்த்ததையும் வைத்துக் கற்றுக்கொண்டதுதான் மீதியெல்லாம். அதனால் என் அறிவில் பாதி எப்போதும் ஓட்டை. திரைக்குப் பின்னால் நடக்கும் பெரிய கணக்குகள் எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஆனால் அழுத்தினால் அசையாத பட்டன், தட்டினால் எழுத்து விழாத பெட்டி, ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை ஓடும் மெனு, இவற்றைச் சரிசெய்ய என்னால் முடியும். அதை வைத்துத்தான் ஊர் ஊராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. பின்னாலிருந்து வந்த ஒரு மொபெட் என்னைத் தாண்டிப்போய் நின்றது. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்கு மூட்டை.

"எங்க பா நடந்துக்கினு போற?"

"காஞ்சிபுரம்."

"ஏறு. இந்த மூட்டைய மடியில வெச்சிக்கோ, எனக்குக் கால் மரத்துப் போச்சு. பாத்து, ஒடிச்சிடாத." வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "ஒடிஞ்சாலும் ஒண்ணும் இல்ல. அது எதுக்கும் ஆவாது."

உள்ளே என்ன என்று கேட்டேன்.

"அன்னம். எடது கரை அன்னம். உள்ள பொடவையப் பாத்து நில்லுடான்னா, வெளிய ரோட்டப் பாத்துக்கினு நிக்குது. பொண்டாட்டிகிட்ட கோவிச்சிக்கினு வந்தவன் மாதிரி."

அவர் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் நெசவாளி. சாக்கில் இருந்தவை ஜக்கார்டு அட்டைகள். டிசைனின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை; அட்டையில் இருக்கும் துளையைப் பொறுத்துத் தறியில் இழை மேலே எழும், அல்லது எழாது. அந்தப் புடவைக்கு இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனியாக அட்டை. வலது கரை சரியாக வந்தது. இடது கரையில் நான்கு விரற்கடை நெய்ததும் அன்னங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது தெரிந்திருக்கிறது. தறியை நிறுத்திவிட்டார். தாமலில் அவர் மச்சானுக்கும் இதே டிசைனை அதே கடையில்தான் அடித்துக் கொடுத்தார்கள். அங்கே எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார். அங்கே சரியாக இருந்தது.

"மூணு தறிக்கு அடிச்சிக் குடுத்தாங்க. மச்சானுது நல்லா வந்துது, என் ரெண்டு தறியுதும் கோணல். மெஷின் தப்புன்னா மூணும்ல தப்பா வரணும்? அப்போ அது யாரு தப்பு, நீயே சொல்லு."

நான் கணினி வேலை செய்கிறவன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டிருப்பார்.

கடை, கோயில் மதிலை ஒட்டிய தெருவில் ஒரு மாடியில் இருந்தது. ஒரு பழைய கணினி, அட்டையில் துளை போடும் இயந்திரம், சுவரோரம் அடுக்கிய வெற்று அட்டைகள். கணினியின் முன்னால் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிசைனைக் கட்டம் கட்டமாகக் கணினியில் கிராப் வரைவதும், அதன்படி துளை போட்டு அட்டை அடிப்பதும் அவர் வேலை. கடைக்காரர் சாக்கைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"மறுபடியுமா?"

"மறுபடியுந்தான்" என்று நெசவாளி மூட்டையைத் தரையில் வைத்தார்.

"நான் எடதுன்னுதான்ணா வெச்சேன்" என்றார் அந்தப் பெண். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"நீ எடதுன்னு வெச்சா அன்னம் தானாவா திரும்பிக்கும்? தறியில குந்தின கையா இருந்தா எது எந்தப் பக்கம்னு கைக்கே தெரியும்மா."

அந்தப் பெண் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது: அவர் ஏனாத்தூர்ப் பக்கமிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். அவர் பெற்றோர் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கிராப் வேலையை ஆறு வருடத்தில் இந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

கடைக்காரர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தவருக்கும் போன் போட்டுட்டேன்மா. சென்னையில தினம் ஓட்டிப் பாக்குறாராம், ஒரு தப்பும் இல்லையாம். யூஸர் மிஸ்டேக்குன்றாரு. நான் இன்னா பண்ணட்டும்? இன்னிக்கு அடிக்கிற செட்டும் இப்படியே போச்சுன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

"இதோ, வழியில ஒரு கம்ப்யூட்டர்காரனப் புடிச்சினு வந்திருக்கேன்" என்றார் நெசவாளி. "இவனையும் பாக்கச் சொல்லு. அப்பறம் யாரும் பேசக் கூடாது."

நான் உட்கார்ந்தேன். பெரிய நிரல் இல்லை அது. நடுவில் கிராப், கட்டம் கட்டமாக அன்னம். இடது மேல் மூலையில் அழுத்தினால் விரியும் ஒரு சின்னப் பட்டியல். அதில் 'இடது', 'வலது' என்று இரண்டே வரி. வலது மேல் மூலையில் அட்டை அடிக்கும் பட்டன். வரைவது வலது கரை மட்டுந்தான். பட்டியலில் இடது என்று இருந்தால், அட்டை அடிக்கும் நேரத்தில் நிரலே புள்ளிகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுவிடும். திரையில் படம் மாறாது.

இடது என்று தேர்ந்தேன், பட்டனை அழுத்தினேன். மூன்று அட்டை வந்ததும் நிறுத்தி, சாக்கில் இருந்த கோணல் அட்டைகளோடு ஒப்பிட்டேன்; துளைகள் எதிர்ப்பக்கமாக இருந்தன. சரி. வலது, சரி. மறுபடி இடது. நிரலை மூடித் திறந்து இடது. பத்துமுறை செய்திருப்பேன், பத்தும் சரி. எழுதியவர் நிரலின் மூலக் குறியீட்டை அதே கணினியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதையும் பிரித்துப் பார்த்தேன். பட்டியலை வேறு எந்த வரியாவது மாற்றுகிறதா, திறக்கும்போது பழைய மதிப்பு வந்து உட்காருகிறதா, பட்டன் இரண்டுமுறை ஓடுகிறதா என்று நான் எப்போதும் தேடும் இடங்களில் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை.

"நிரல்ல தப்பு இல்ல" என்றேன்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். நெசவாளி சுவரைப் பார்த்தார். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆறு வருசமா அட்டை அடிக்கிறேன். எனக்கு எடது வலது தெரியாதா?" என்றார். என்னிடம் கேட்டாரா, கடைக்காரரிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

"சரிம்மா, இந்த செட்ட அடிச்சிடு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் கடைக்காரர்.

நான் எழுந்து இடம்விட்டேன். கிளம்பியிருக்கலாம். டீ சொல்லியிருந்தார்கள், அதற்காக நின்றேன்.

அவர் பட்டியலைத் திறந்து 'இடது' என்று தேர்ந்ததை நான் பார்த்தேன். நானாக இருந்தால் அடுத்து பட்டனுக்குப் போயிருப்பேன். அவர் போகவில்லை. ஆள்காட்டி விரலால் மவுஸ் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டினார். கிராப் நகரவில்லை. மறுபடி உருட்டினார். நாக்கைத் தட்டிக்கொண்டு, கிராப்பின் ஓரத்தில் இருந்த ஸ்க்ரோல் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"சில நேரம் இப்படித்தான் நிக்குது. ரெண்டு மவுஸ் மாத்தியாச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அவர் கண் கிராப்பின் அடிவரியில் இருந்தது. என் கண் மேல் மூலைக்குப் போனது. பட்டியலில் 'வலது' என்று இருந்தது.

"நிறுத்துங்க. பட்டனை அழுத்தாதீங்க. பட்டியலைப் பாருங்க."

பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"எதுக்காகக் கீழே போனீங்க?" என்று கேட்டேன்.

"மொத வரியப் பாக்க."

"முதல் வரி மேலேதானே இருக்கு?"

நெசவாளிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கடைக்காரரும் சிரித்துவிட்டார். "ஏம்பா, நீ வூடு கட்டினா கூரையிலருந்து ஆரம்பிப்பியா? தறியில பொடவை கீழேருந்துதான் வளரும். கிராப்புல அடிவரிதான் மொத அட்டை. மொத வரி பாக்காம எவன் அட்டை அடிப்பான்?" என்றார் நெசவாளி.

எனக்கு அது தெரியாது. சென்னையில் நிரல் எழுதியவர் அடிவரியிலிருந்து அடிக்கும்படி எழுதியிருந்தாலும், அடிப்பதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். திரையைப் பார்க்கும்போது எங்கள் இருவருக்கும் முதல் வரி மேல் வரிதான். அது ஏற்கெனவே கண்முன் இருப்பதால் உருட்ட வேண்டிய தேவையே வரவில்லை. அந்தப் பழைய கணினியில் மவுஸ் சக்கரம், அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. கடைசியாக எதை க்ளிக் செய்தோமோ அதற்குத்தான் கட்டுப்படும். கடைசியாகத் தொட்டது பட்டியல். ஆகவே கிராப்பை நகர்த்த உருட்டிய சக்கரம் பட்டியலை ஒரு வரி கீழே இறக்கியது. இடதுக்குக் கீழே வலது. வலதுக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் வலது கரை அட்டைகள் ஒருநாளும் கெடவில்லை. பழைய டிசைன்கள் சின்னவை, திரைக்குள் அடங்கிவிடும், உருட்ட வேண்டாம். இந்த அன்னம்தான் உயரம்.

"அப்போ என் மச்சானுக்கு மட்டும் எப்படி சரியா வந்துது?" என்றார் நெசவாளி.

நான் யோசிப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டார். "அன்னிக்கு அன்னத்தோட மூக்குல ஒரு புள்ளி விட்டிருந்தேன். எடதுன்னு வெச்ச பின்னாடிதான் பாத்தேன். கிராப்ப க்ளிக் பண்ணி அந்தப் புள்ளிய வெச்சேன்."

அதேதான். கடைசிக் க்ளிக் கிராப்பில் விழுந்ததால் அன்றைக்குச் சக்கரம் கிராப்பை நகர்த்தியிருக்கிறது. பிழை செய்த நாளில் அட்டை சரியாக வந்தது. பிழையில்லாமல் வரைந்த இரண்டு நாளும் கெட்டது.

திருத்தம் சில வரிதான். தேர்ந்தெடுத்து முடிந்ததும் சக்கரம் கிராப்புக்கே கட்டுப்படும்படி ஒன்று. சக்கரம் எப்படிச் சுழன்றாலும் பட்டியல் அசையாதபடி இன்னொன்று. கூடவே 'இடது', 'வலது' என்ற சொல்லை அட்டை அடிக்கும் பட்டனுக்கு அருகிலும் பெரிதாகத் தெரியவைத்தேன். இந்தமுறை நான் சோதிக்கவில்லை. அவரையே உட்காரவைத்து, எப்போதும் செய்வதுபோல் செய்யச் சொன்னேன். இடது என்று வைத்தார், உருட்டினார், கிராப் அடிவரிக்கு ஓடியது. இடது இடதாகவே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் நான்குமுறை செய்து பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்தினார்.

அட்டைகள் விழ விழ நெசவாளி முதல் சிலவற்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை விரலால் எண்ணினார். வலது கரை அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள பாக்குது" என்றார். அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "மொத வரியப் பாத்துட்டுத்தான் அடிக்கணும்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வந்த புதுசுல உங்க தெருவுல தறிதறியா நின்னு பாத்துக் கத்துக்கினேன். உங்க தறியிலயும் நின்னிருக்கேன். நீங்க மறந்திருப்பீங்க."

நெசவாளி அட்டைகளை மறுபடி எண்ணத் தொடங்கினார். கடைக்காரர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு ரெண்டாவது தறிக்கு அடிக்கணும், சீக்கிரம் வந்துடும்மா" என்றார். வேறு ஆள் பேச்சு அதோடு போனது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது என்னருகில் நின்றார்.

"நிரல்ல தப்பு இல்லன்னு எவ்ளோ தைரியமா சொன்னீங்கண்ணா. இனிமே பத்து வாட்டி பாத்தேன்னு சொல்லாதீங்க. பத்து வாட்டியும் நீங்களேதான பாத்தீங்க?"

இத்தனை வருடத்தில் எத்தனை இடங்களில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, மறுநாள் என்ன ஆனது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

கடைக்காரர் கணினி வேலைக்கு என்னை இருக்கச் சொன்னார். நெசவாளி விடவில்லை. "மொதல்ல எனக்கு பதில் சொல்லட்டும். இவன் பத்து வாட்டி பாத்துத் தப்பு இல்லன்னதுல எனக்கு அரைப் பொழுது போச்சு. அட்டை கோக்குற ஆளு கல்யாணத்துக்குப் போயிருக்குது. ஊசி புடிக்கத் தெரியுமா பா?"

தெரியாது என்றேன்.

"நல்லது. தெரியும்னு சொன்னாத்தான் பயம்."

மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக் கூடத்தில், கால்களை நீட்டி உட்கார்ந்து, இடது கரை அட்டைகளை எண் வரிசையில் ஒன்றோடொன்று நூலால் கோக்கும் வேலையில் சேர்ந்தேன்.