கரண்டு போனால் எண்ணுவோம்

கரண்டு போனதும் தெருவே செவிடானது போலிருக்கும். விசைத்தறிகள் நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஏதாவது ஒரு தறிக்கூடத்திலிருந்து ஒரு குரல் ‘ஒண்ணு’ என்னும். இன்னொன்றிலிருந்து ‘ரெண்டு’. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்கூடங்கள்தான், நடுவில் சுவர்கள். முகம் பார்க்காமலே எண்ணுவோம். ஒரே கூடத்தார் அடுத்தடுத்து இரண்டு எண் சொல்லக்கூடாது. இரண்டு குரல் மோதினாலோ, எண்ணைத் தவிர வேறு பேச்சு வந்தாலோ மறுபடி ஒன்றிலிருந்து. கரண்டு வருவதற்குள் நூறைத் தொட வேண்டும். தொட்டதே இல்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டுத் தறிக்கு வந்தவன் நான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அண்ணன் குரலைக் கேட்க இருந்த ஒரே வழி. பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அவன் போன பிறகு, வீட்டில் யாரும் அவனோடு பேசக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவன் பக்கத்துக் கூடத்தில் தறி ஓட்டினான். சாயங்காலம் அடுப்படியில் வைத்து அம்மா, இன்றைக்கு எண்ணினானா என்று மெதுவாகக் கேட்பாள்.

அந்த வருஷம் அவன் எண்ணுக்கு முன்னால் இருமல் வர ஆரம்பித்தது. நான் சும்மாவே பயப்படுகிறவன். பஞ்சுத் தூசிக்கு யாருக்கும் வருவதுதான் என்று எனக்கே சொல்லிப் பார்ப்பேன்; சோறு இறங்காது. பிறகு சில நாளாக அவன் குரலே இல்லை. அந்தக் கூடத்திலிருந்து வேறொருவர்தான் எண்ணினார். இன்றைக்கு யாருமே எண்ணவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

ஒரு மத்தியானம் எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சுவரில் காதை வைத்திருந்தேன். அந்த வேற்றுக் குரல்தான் மறுபடி மறுபடி. தொண்ணூறு வந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, இருக்கியா?”

அவ்வளவுதான். எந்த மூதேவிலே அது, அண்ணனத் தேடுத நேரமாலே இது என்று நாலு பக்கமும் ஏச்சு. அது அடங்கிய பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே வேற்றுக் குரல் வந்தது.

“ஏலே, ஒங்க அண்ணன் இங்கனதான் இருக்கான். தொண்டையில சத்தமே வரல. அவன் கையத் தூக்குதான், நான் சொல்லுதேன்.”

இருக்கிறான் என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சத்தமே வராத அளவுக்கு என்ன? அதற்குள் கரண்டு வந்துவிட்டது. என் தறியை ஓட விடாமல், சந்து வழியாகச் சுற்றி அவன் கூடத்துக்குப் போனேன். அப்பா காதுக்கு எட்டும் என்று தெரியும்.

அண்ணன் பாதியாகியிருந்தான். தறிச் சத்தத்தில் அவன் காதோடு வாய் வைத்து, “ஆஸ்பத்திரிக்கு வா. அம்மா ஒன்னய நெனச்சு அழுவுதா” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். தறியில் இருந்த பாவு நூலைக் காட்டி, இது முடியட்டும் என்று கையசைத்தான். உருளையில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அது நெய்து முடிய எத்தனை நாளாகுமோ.

நானே கையை நீட்டி அவன் தறியை நிறுத்தினேன். தறியில் அடுத்தவன் கை வைத்தால் அடிக்க வருகிறவன் அவன். அன்றைக்குத் தடுக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.