விழப்போகிற பல்லுக்கு வெள்ளி

என் அப்பா மிட்டாய் போடுகிறவர். தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு. சாரல் தொடங்கிவிட்டால் வியாபாரம் குற்றாலத்துக்குப் போய்விடும். பெரிய அருவிக்குப் போகிற வழியில் ஓர் ஓலைப் பந்தல் போட்டு அங்கே உட்கார்ந்துவிடுவார். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருகிறவர்களுக்கு வாய் எதையாவது கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை, அது ஒரு சீசனிலும் பொய்த்ததில்லை.

மிட்டாய்க்காரர் மகளுக்குப் பல் நன்றாக இருந்தால்தான் அதிசயம். கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, அப்பா கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கும்பாவிலிருக்கும் பச்சைத் தண்ணீரில் விடுவார். அது உருண்டு திரளும். எடுத்துக் கும்பாவின் விளிம்பில் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். கேட்டால் பாகு சரி. தட்டிப் பார்த்த உருண்டை எனக்கு. வீட்டில் ஒரே பிள்ளை நான், பங்குக்கு ஆள் கிடையாது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கரையும். அப்பா என்மேல் வைத்திருந்த பிரியம் முழுவதும் இப்படியாக என்னுடைய வலது கடைவாயில் போய்ச் சேர்ந்தது.

ஏழு வயதில் அந்தக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது. கன்னம் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டது. வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறவள் அத்தை, அப்பாவின் அக்கா. சிறு வயதிலேயே புருஷனை இழந்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். என்னைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அத்தை இரண்டு நாள் கிராம்பு வைத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், மூன்றாம் நாள் முடிவு சொல்லிவிட்டாள். சந்தையில் ஓர் ஆள் துணி விரித்து, தான் பிடுங்கிய பற்களையெல்லாம் சோழி மாதிரிக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் கூட்டிப்போய்க் குறட்டால் எடுத்துவிடுவது என்று முடிவு. எப்படியும் விழப்போகிற பால்பல்தானே, அதற்கு என்ன அருமை என்பது அவள் வாதம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

குறை சொன்னது அம்மா. அம்மா வடகரைக்காரி. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சிரிப்புக்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். அது அவளுடைய அடக்கம் என்று தெருவே மெச்சியது. அப்படிப்பட்டவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"பிடுங்க வேண்டாம் மதினி. நான் விடமாட்டேன்."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா பாகைக் கிண்டுவதை நிறுத்தியதால் அன்றைக்கு ஒரு கொப்பரை முறுகிப்போனது. பிறகு அத்தை, சரி, ஆத்தாக்காரி பொறுப்பு, நாளைக்குப் பிள்ளை வலியில் துடித்தால் என்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

குற்றாலத்தில் அந்த நாளில் சீசன் டாக்டர் ஒருவர் இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். சாரலுக்கு வந்து இரண்டு மாதம் அறை எடுத்துத் தங்குவார். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பது, பகலில் பல் பார்ப்பது. தையல் மிஷினைப் போலக் காலால் மிதித்துச் சுற்றுகிற யந்திரம் ஒன்று வைத்திருந்தார். அப்பா என்னை அவரிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் ஓட்டையைச் சுத்தம் செய்து, கிராம்பு வாசனை அடிக்கிற வெள்ளைப் பசை ஒன்றை வைத்து அடைத்தார். இது வலி அடங்குவதற்கு மட்டும்தான், அதிக நாள் தாங்காது, பத்து நாள் கழித்துக் கூட்டி வாருங்கள், வெள்ளி வைத்து அடைக்கிறேன் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாளே வலி போய்விட்டது. வலி போனபின் டாக்டரை யார் நினைக்கிறார்கள்? ஆடி அமாவாசைக் கூட்டம் வந்தது, அப்பாவுக்குத் தலை சொறிய நேரமில்லை. கூட்டம் ஓய்ந்து அவர் நினைத்துக்கொண்டபோது சாரலும் நின்றிருந்தது, டாக்டரும் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அப்பா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லோடு பல்லாக வெள்ளையாக, பார்க்க லட்சணமாகவே இருந்தது. இதற்குமேல் வெள்ளி எதற்கு என்று விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அடுப்பு ராப்பகலாக எரிந்தது. பழக்க தோஷத்தில் அப்பா உருண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் நானும் வாங்கிக் கடித்தேன். பாகு பல்லைக் கவ்விக்கொண்டது. இழுத்து எடுத்துப் பார்த்தால், கறுத்த உருண்டைக்குள் சோற்றுப் பருக்கை மாதிரி டாக்டரின் அடைப்பு உட்கார்ந்திருந்தது. நாக்கை வைத்துப் பார்த்தேன். பழைய ஓட்டை பத்திரமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சந்தை ஆள் விரித்து வைத்திருந்த துணிதான் கண்ணில் நின்றது. அதைவிட இன்னொன்றும் இருந்தது. அத்தை வாரத்துக்கு ஒரு தடவை, "ஏட்டி, ஒங்கம்மா அடைக்கச் சொன்னாளே, அது நிக்குதா?" என்று கேட்பாள். அடைப்பு விழுந்தால் விழுவது அடைப்பு மட்டும் இல்லை என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

ஆகவே நானே டாக்டர் ஆனேன். முதலில் மெழுகுவத்தியை உருக்கி அடைத்தேன். காலைக் காப்பியில் கரைந்துபோனது. பிசைந்த மைதா மாவு மதியம் வரை வந்தது. கருவேலம்பிசின் பள்ளிக்கூடம் விடும்வரை நின்றது, ஆனால் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வாத்தியார் கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்க முடியாமல் செய்துவிட்டது. பிசினுக்குள் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளைச் சுருட்டி வைத்து அடைத்ததுதான் என்னுடைய உச்சகட்டச் சாதனை. ஒன்றரை நாள்!

அந்த ஈயத்தாள்தான் காட்டிக்கொடுத்தது. சாப்பிட்ட தட்டில் மினுமினுவென்று கிடந்ததை அம்மா எடுத்துப் பார்த்தாள். என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் வெயில் பக்கமாகத் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. என்னென்ன வைத்தாய் என்று கேட்டாள். மெழுகிலிருந்து வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது எங்கள் இருவரின் ரகசியம். காலையில் முகம் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போவோம். உப்புத் தண்ணீரில் கழுவி, கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சை ஈர்க்குச்சியால் ஓட்டைக்குள் வைத்து அழுத்துவாள். சாயங்காலம் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் புதிது. அப்பாவிடம் என்ன சொன்னாளோ, உருண்டை கொடுப்பது நின்றுபோனது. அத்தை கேட்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து பார்க்காமல், நன்றாக நிற்கிறது மதினி என்பாள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அந்த வருஷம் மழை, பனி, வெயில் எல்லாவற்றிலும் ஒரு வாரம் தவறாமல் என் அம்மா பொய் சொன்னாள்.

ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்த வாரம், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவதாக அத்தையிடம் சொல்லிவிட்டுத் தூக்குவாளியும் கையுமாக என்னோடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டே போனோம். தூக்குவாளியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள். ஆண்பிள்ளைத் துணையில்லாமல் அவள் ஓர் அந்நிய மனிதர் முன்னால் போய் நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். பத்து நாள் என்றால் பத்து மாதமா என்றார். பிறகு பஞ்சை எடுத்து முகர்ந்து, இதை யார் வைத்தது என்று கேட்டார். தெரிந்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, தப்பித்தது என்றார். சின்னக் கண்ணாடி உரல் ஒன்றில் வெள்ளிப்பொடியும் பாதரசமும் போட்டு அரைத்தார். துணியில் கட்டிப் பிழிந்து கொஞ்சங்கொஞ்சமாகப் பல்லில் வைத்து அழுத்தினார். காய்ந்த மணலை மிதிக்கிற மாதிரி மண்டைக்குள் நறநறவென்றது.

"இது எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"இந்தப் பல்லு விழுற வரைக்கும் நிக்கணும்மா. அதுக்கு மேல நமக்கு வேண்டாம்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸுல இடம் பிடிக்கத் துண்டு போடுறோம்ல, பால்பல் அந்தத் துண்டு மாதிரி. ஆளு ஏறுறதுக்கு முன்னாடி துண்டை எடுத்துட்டா, பக்கத்துல உள்ளவன் நகந்து உக்காந்துடுவான். அப்புறம் வர்ற பல்லுக்கு ஏது இடம்?"

அதற்குப் பிறகு அம்மா செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, முந்தானையை விலக்கி, டாக்டருக்குத் தன் வாயைத் திறந்து காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் பற்களை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்று உள்ளே போய், ஒன்று வெளியே வந்து, சந்தைக் கூட்டம் மாதிரி நின்றன. எத்தனை வயதில் பிடுங்கினார்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மா ஆறு விரல் காட்டினாள். இரண்டு பக்கமுமா என்றார். தலையாட்டினாள். அம்மா வாயை மூடி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்தாள்.

அந்த வெள்ளி மூன்று வருஷம் நின்றது. வெள்ளி என்றுதான் பெயர், ஆறு மாதத்திலேயே இரும்பாய்க் கறுத்துவிட்டது. கறுப்புப் பல்காரியை எவன் கட்டுவான் என்று அத்தை கவலைப்பட்டாள். நான் முறுக்கு கடித்தேன், கரும்பு கடித்தேன், ஒரு தடவை பந்தயம் வைத்துப் புளியங்கொட்டையும் கடித்தேன். அது அசையவில்லை.

பதினோராவது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பல்லே ஆடத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் கையோடு வந்துவிட்டது. அடைப்பு ஒரு பொட்டும் உதிராமல் அதில் அப்படியே இருந்தது. நான் ஓவென்று அழுதேன். அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு, இதைத்தானே அன்றைக்குப் படித்துப் படித்துச் சொன்னேன், விழப்போகிற பல் விழுந்துவிட்டது, இதற்கா இத்தனை பாடு என்றாள். அவள் சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. வழக்கம்போல் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொன்னாள். எறிந்தேன். ஓட்டில் பட்டு 'டங்' என்றது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். அவள் என் மோவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னாள். விழுந்த பல்லின் குழியில், ரத்தத்துக்கு நடுவே, புதுப்பல்லின் முனை வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பக்கமும் சாயாமல் நேராக, அதற்குரிய இடத்தில். அம்மா விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. ஏறியும் இறங்கியும் கிடந்த அத்தனை பல்லும் தெரிய, அத்தை நிற்கிறாள், அப்பா பார்க்கிறார் என்ற நினைப்பில்லாமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

பல் போன துக்கத்தில் இருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து, இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.