மூன்றாவது பித்தளை வாய்

நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. வீட்டிலும் வேலையிடத்திலும் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுதியிருப்பதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நாற்பத்தாறு வயதில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தையும் கல் தூக்குவது மாதிரிதான் தூக்கி வைக்கிறேன். ஒரு பொய்க்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

பேய் என்றால் நடுராத்திரி வரும், நாய் ஊளையிடும் என்பார்கள். இது நடந்தது பட்டப்பகலில். வேலையிடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். நேரத்தையும் சரியாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது, மணி பார்க்கத் தெரியும்.

எங்கள் ஊரின் பெரிய தபால் ஆபீஸைத் தெரியாதவர்கள் கிடையாது. நூற்றைம்பது வருஷக் கட்டடம். மூன்று மாடி, நடுவில் கூம்பு வைத்த மணிக்கூண்டு. தீப்பெட்டியில்கூட அதன் படம்தான் போட்டிருக்கும். சண்டையின் கடைசி மாதத்தில், காலை 9:20க்கு அதன்மேல் குண்டு விழுந்தது. இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் முன்சுவர் மட்டும்தான் நின்றது.

என் அண்ணன் அங்கேதான் வேலை செய்தான். நிலவறையில் உட்கார்ந்து ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம். ஆள்காட்டி விரலில் எப்போதும் சிவப்பு ரப்பர் உறை மாட்டியிருப்பான். கடிதங்களைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவான். அண்ணி திட்டுவாள்.

அன்று வேலைக்குப் போனவன் திரும்பவில்லை.

"எல்லாரும் பின்வாசல் வழியா தப்பிச்சுட்டாங்க. உயிர்ச்சேதம் இல்லை" என்று அரசாங்கம் சொன்னது. பேப்பரிலும் அப்படித்தான் வந்ததாம். வீட்டுக்கு வராதவர்கள் ஊரைவிட்டு ஓடியவர்கள் என்று எழுதிவிட்டார்கள். அண்ணி நம்பவில்லை. "செருப்பைக்கூட வாசல்ல நேரா வைக்கிற மனுஷன். சொல்லாம ஓடுவாரா?" என்றாள்.

நாற்பது நாள் கழித்து இடிபாட்டை அள்ள ஆள் எடுத்தார்கள். நான் போனேன். அண்ணனின் எலும்பாவது கிடைக்காதா என்றுதான் போனேன்.

ஆள் எடுத்த விதம் வேடிக்கையாக இருந்தது. மேஸ்திரி ஆளுக்கொரு காகிதத்தைக் கொடுத்து "படி" என்றார். கடகடவென்று படித்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தேன்.

"நீ உள்ள வா" என்றார்.

ஊராருடைய கடிதங்கள் இடிபாட்டில் கிடக்கும், படிக்கத் தெரிந்தவன் கண்ணில் படக் கூடாது என்று காரணம் சொன்னார். சாயங்காலம் கேட்டில் சட்டைப்பையைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு துண்டுக் காகிதம் போகக் கூடாது. எழுத்து தெரியாததால் எனக்கு வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டேன்.

"உனக்கு இந்த ஆபீஸ்ல சொந்தக்காரங்க யாராவது?" என்றும் கேட்டார்.

"யாரும் இல்லீங்க."

இருக்கிறார்கள் என்று சொன்னவர்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் சொன்ன பொய் அது.

முன்சுவரை இடிக்கக் கூடாது, நினைவுச் சின்னமாக நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. அந்தச் சுவரில் கடிதம் போடுவதற்கு நான்கு பித்தளை வாய்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் வழவழப்பான தகரச் சரிவு. மேலே போட்ட கடிதம் பத்தடி சறுக்கி நிலவறையில் விழும். நிலவறைப் படிக்கட்டின் மேல் மணிக்கூண்டு விழுந்து கிடந்தது. "கீழ ஒண்ணும் இல்லை, வெறும் சாம்பல்" என்றார் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை அந்த வாய்கள் வழியாகவே கான்கிரீட்டை ஊற்றி நிலவறையை அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் மேலே கிரேன் நிற்கும்.

திங்கட்கிழமை. சுவர் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மணி 11:40.

சரக்... சரக்...

தலைக்கு மேலே மூன்றாவது வாயிலிருந்து ஒரு காகிதம் நாக்கு மாதிரி வெளியே வந்தது. கரி படிந்த காகிதம். கரியாலேயே நாலு வரி எழுதியிருந்தது. எடுத்துப் போய் மேஸ்திரியிடம் கொடுத்தேன். ஒரு பார்வை பார்த்தார். டீ கொதிக்கிற அடுப்பில் போட்டார்.

"பழைய கடுதாசி. காத்துல வருது."

காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை. அதே இடம். மணி 11:40. சரக்... சரக்...

கலவை மிஷின் ஓட்டுகிறவனை ஒல்லி என்போம். அவன் பார்த்துவிட்டுக் கத்தினான். "டேய் கைநாட்டு, உனக்கு லவ் லெட்டர் வந்திருக்குடா!"

கைநாட்டு என்பது அண்ணன் எனக்கு வைத்த பெயர். வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது.

"படிக்கத் தெரியாதவனுக்கு எவடா எழுதுவா?" என்றேன்.

"படிக்கத் தெரிஞ்சவ உன்னை ஏன்டா லவ் பண்ணுவா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அடுப்பில் போட்டார். எரிந்து முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

அன்று சாயங்காலம் 5:30க்குக் கேட்டுக்கு வெளியே அண்ணி நின்றாள். தினமும் நிற்பாள்.

"இன்னைக்கு?"

"இல்ல அண்ணி."

"ஒரு சட்டைப் பொத்தான் கெடச்சாலும் போதும்ப்பா. என்கிட்ட கொண்டு வந்து குடு."

சீட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அண்ணிக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

புதன்கிழமை 11:40க்குக் காகிதத்தின் நுனி மட்டும் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. என் காதில் சிவப்புப் பென்சில் செருகியிருந்தது. நல்ல கல்லுக்கு வட்டம், உடைந்த கல்லுக்குப் பெருக்கல் குறி போடுகிற தட்டைப் பென்சில். யோசிக்கும்போது அதன் அடியைக் கடிப்பது என் பழக்கம். அதை உள்ளே விட்டு நெம்பினேன்.

காகிதம் உள்ளே போய்விட்டது.

பிறகு பென்சிலை யாரோ இழுத்தார்கள்.

வெடுக்கென்று பிடுங்கவில்லை. மெதுவாக... தப்பாக எழுதுகிற பிள்ளையின் கையிலிருந்து வாங்குவது மாதிரி.

விட்டுவிட்டேன்.

"யாரு?" என்றேன். "யாரு உள்ள?"

காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மேஸ்திரியிடம் ஓடினேன். "எலிடா" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை 11:40.

சரக்...

இரண்டு சீட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இந்தத் தடவை எழுத்து கரியில் இல்லை.

சிவப்பு.

என் பென்சில்.

மேல் சீட்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அடிச்சீட்டு தடிமனாக இருந்தது. என் பூட்ஸின் அடியில் ஓட்டை, கல் குத்திக்கொண்டே இருக்கும். அதை மடித்துப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

மேஸ்திரி படித்தார். உதடு வெளுத்துப்போனது.

"என்னங்க எழுதியிருக்கு?"

"எவனோ பொண்டாட்டிக்கு எழுதினது." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு இங்க யாரும் சொந்தம் இல்லன்னுதானே சொன்ன?"

"இல்லீங்க."

"மிஷினைப் போடச் சொல்லு. நாளைக்கு வேணாம். இப்பவே ஊத்து. மூணாவது வாய்ல மொதல்ல."

மணி 3:30. குழாயை நான் பிடித்தேன். தண்ணீராகக் கலந்த கான்கிரீட் கடகடவென்று உள்ளே இறங்கியது.

3:36க்குக் குழாய் பின்னால் வந்தது.

உள்ளிருந்து தள்ளினார்கள்.

நான் அழுத்தினேன். மறுபடியும் தள்ளல். குழாய்க்கும் பித்தளைக்கும் நடுவில் ஒரு விரல் வந்தது.

பிறகு நான்கு.

சாம்பல் நிறம். நகம் இல்லை.

ஆள்காட்டி விரலில் ஏதோ உருகி ஒட்டியிருந்தது. சிவப்பு ரப்பர்.

"ஐயா... கை..."

"கை இல்ல. ஊத்து!"

"ஐயா, விரல் தெரியுது..."

"ஊத்துடா! இல்லன்னா கேட்டுக்கு வெளிய போ!"

வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். அப்புறம் அண்ணனை யார் தேடுவது?

அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடிதம் பிரிக்கிற எல்லாரும் போடுகிற ரப்பர்தானே அது.

ஊற்றினேன்.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

தகரத்தில் தட்டுகிற சத்தம். டொக்... டொக்... டொக்...

டொக்...

3:52. மூன்றாவது வாய் நிறைந்துவிட்டது.

அன்று கேட்டில் அண்ணி கேட்டாள். "கீழ் ரூமை மூடிட்டாங்களாமே. யாரு மூடினது?"

"தெரியல அண்ணி. நான் அந்தப் பக்கமே போகல."

ஆறு வருஷம் ஓடியது. தொழிலாளர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். அண்ணிதான் கொண்டுபோய் என்னைச் சேர்த்தாள். "அவருக்கு ரொம்ப ஆசை, நீ படிக்கணும்னு" என்றாள். கடைப் பலகைகளைத் தடவித் தடவிப் படிக்க ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பூட்ஸைத் தூக்கிப் போடப் போனேன். உள்ளே காகிதம். ஓரமெல்லாம் நைந்திருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

*டேய் கைநாட்டு. மேல பேசுறது நீதான்னு குரல்ல தெரியுது. இதை உன்னால படிக்க முடியாது. அண்ணிகிட்ட குடு. மேஸ்திரிகிட்ட குடுக்காதே. எனக்குக் குரல் போச்சு. கை மட்டும்தான் இருக்கு. எங்களை வெளிய எடு. இங்கேயே மூடிடாதீங்க.*

மேஸ்திரியைத் தேடிப் போனேன். படுத்த படுக்கையாகக் கிடந்தார். மாலை மணி 4:10.

"அவங்க உசுரோட இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். இருமல் வந்தது.

"தீ அணைஞ்ச அன்னைக்கே, கூண்டு சரியறதுக்கு முன்னாடி, கதவைத் திறந்து பாத்தவன் நான். பதினாலு பேர். எல்லாம் கரிக்கட்டை. எண்ணிட்டுத்தான் பூட்டினேன். நாப்பது நாள் கழிச்சு அங்கேருந்து சீட்டு வருது... நீயா இருந்தா என்னடா பண்ணுவ?"

"வெளிய எடுத்திருக்கலாமே."

"எப்படி எடுக்கிறது? உயிர்ச்சேதம் இல்லைன்னு பேப்பர்ல போட்டாச்சே."

அண்ணியிடம் சீட்டைக் காட்டவில்லை. காட்டினால், ஊற்றியது யார் என்று கேட்பாள்.

போன வருஷம் அந்த இடத்தில் காட்சிசாலை கட்டுவதற்காக நிலவறையைத் தோண்டினார்கள். அண்ணி வந்தே தீருவேன் என்றாள். நானும் கூடப் போனேன்.

இரும்புக் கதவுப் பக்கம் பதினான்கு பேரும் ஒரே குவியலாக இருந்தார்கள். தகரச் சரிவிலிருந்து அது நாற்பதடி தூரம். டாக்டர் பார்த்துச் சொன்னார். தீப்பிடித்த அரை மணி நேரத்துக்குள் எல்லாரும் இறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருவரும் நகரவில்லை.

பதின்மூன்று உடல்கள் முழுசாக இருந்தன. ஒரு உடலுக்கு மட்டும் வலது கை இல்லை. மணிக்கட்டோடு கழன்றிருந்தது. கழுத்தில் கிடந்த, ஆபீஸில் கொடுத்த பித்தளை வில்லையின் எண்ணைப் பார்த்து அண்ணி அடையாளம் சொன்னாள்.

கை எங்கே என்று தேடினார்கள்.

மூன்றாவது வாயின் சரிவில், கான்கிரீட்டுக்குள் இருந்தது. விரலில் ரப்பர் உறை. பிடியில் சிவப்புப் பென்சில். நான் விட்டபோது ஒரு சாண் நீளம் இருந்தது. இப்போது நகமளவு. கடித்த பல்தடம் மட்டும் மிச்சம்.

இரண்டு சீட்டு எழுதினால் பென்சில் அவ்வளவு தேயாது.

சரிவின் தகரத்தை உரித்தார்கள். தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழைய இடம் இல்லை.

அந்த இறுகிய கான்கிரீட்டின் மேல், பத்தடி நீளத்துக்கும், சிவப்பு எழுத்து. ஒரே வரி. திரும்பத் திரும்ப. மேலிருந்து கீழ் வரைக்கும்.

தோண்டியவர்களில் ஒருவன் என்னைக் கேட்டான். "படிக்கத் தெரியுமாண்ணே? என்ன எழுதியிருக்கு?"

கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. மணி 11:40.

எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.

*டேய்... கைநாட்டு... ஊத்தினது... நீ... தானா...*

நான் முடிப்பதற்குள் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

அண்ணி எனக்கு முன்பே படித்து முடித்திருந்தாள்.