அசையாமல் நின்ற கும்பிடுபூச்சி

மருந்துக் கம்பெனியில் அவருக்குத் தூசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பார்த்த வேலை அப்படி. ஊசிமருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கவிழ்த்து நிமிர்த்தி, விளக்கடியில் முதலில் கறுப்பு அட்டைக்கு எதிரே, பிறகு வெள்ளை அட்டைக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துளி தூசி மிதந்தாலும் குப்பி கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் கண்ணுக்குத் தப்பிய தூசி கிடையாது என்று மேலாளரே சொல்வார். அந்த மனிதரை ஏறெடுத்துப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? குழந்தை இல்லை. இரண்டு வாரம் தங்கி வேலை தேடப் போவதாகச் சொல்லி வந்த மனைவியின் தம்பி மூன்று வருடமாகச் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்காவும் தம்பியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். "சாப்பாடு மேஜைமேல இருக்கு" என்பாள் மனைவி. இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் இவரிடம் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான்.

நாற்பத்தெட்டாவது வயதில், கம்பெனியை விட்டுப் போன ஒருவர் தன் பழைய கேமராவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். சுமையாக வந்தது, உயிராகிவிட்டது. ஞாயிறுதோறும் புகைப்படச் சங்கத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லென்ஸைக் கழற்றி, ஒரு வளையம் வைத்து, முன்பக்கம் உள்ளே போகும்படி தலைகீழாக மாட்டினால் எறும்பின் மீசை மயிர்கூடத் தெரியும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். ஆனால் அப்படிப் பார்க்கும்போது கூர்மையாகத் தெரிகிற இடம் நகக்கண் அளவுகூட இருக்காது. மூச்சு விட்டால் போயிற்று. லென்ஸைத் திருகக் கூடாது, உடம்பையே முன்னும் பின்னும் அணு அணுவாக நகர்த்த வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சம் பூச்சிமேல் பளீரென்று அடிக்காமலிருக்கப் பால் கவரைக் கழுவி வெட்டி ஃபிளாஷின்மேல் கட்டிக்கொண்டார்.

ஆறு மாதம் வெறும் மங்கல்தான். அப்புறம்தான் அந்தக் கும்பிடுபூச்சி வந்தது, பால்கனித் தொட்டியில் இருந்த ரோஜாச் செடிக்கு.

"ஏங்க, ஆபீஸ்லயும் உத்து உத்துப் பாக்கறீங்க, வீட்லயும் அதேதானா?" என்றாள் மனைவி.

"இங்க வந்து பாரேன். கண்ணுல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கு. நான் எந்தப் பக்கம் போனாலும் என்னையே பாக்குது."

"பரவால்ல மாமா, உங்களைப் பாக்கவும் ஒரு ஜீவன் கெடச்சிருச்சு!" என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். இவரும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தார்.

உண்மையும் அதுதானே? பதினெட்டு நாள் காலையும் அவர் அதன் முன் முழங்காலில் நின்றார். நெருங்கினால் ஆடும், திரும்பிக்கொள்ளும், இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஒரு படமும் தேறவில்லை.

பத்தொன்பதாம் நாள் அது அசையவே இல்லை. பால்கனியில் மருந்து நெடி லேசாக அடித்தது. மாடி வீட்டில் ஏதோ தெளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். லென்ஸ் அதன் முகத்தில் இடிக்கிற அளவுக்குப் போனார். அப்போதும் அசையவில்லை. "அப்படியே இரு தங்கம். பயப்படாத, நான்தானே" என்று முணுமுணுத்தபடி நாற்பது படம் எடுத்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. உள்ளே ஓடிப்போய், "இன்னைக்கு அது என்னை நம்பிடுச்சு!" என்றார். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைத்தார் அந்தப் பாவி மனிதர்.

மறுநாள் செடியில் பூச்சி இல்லை. "உங்க ஆளு பறந்து போயிட்டா மாமா" என்றான் மைத்துனன்.

நாற்பதில் ஒரு படத்தைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். 'உயிருள்ள பூச்சிகள்' பிரிவில் முதலிடம்! ஒன்றே ஒன்றுதான் விதி. செத்ததையோ, ஒட்டி வைத்ததையோ எடுத்திருந்தால் ஆளையே நீக்கிவிடுவார்கள். அவருக்கு அதில் என்ன பயம்? பெட்டியில் கிடந்த கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக மனைவியை ஓரிடத்துக்குக் கெஞ்சி அழைத்துப் போனார்.

கதவளவு பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். சுற்றிலும் முப்பது பேர். நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படத்தின் அருகே போய், வெகுநேரம் நின்றார்.

"இதுக்குக் கண்ல பொட்டு இல்லையே, சார்."

"என்ன?"

"உயிரோட இருந்தா கறுப்புப் பொட்டு தெரியும். கண்ணு மங்கிப்போயிருக்கு பாருங்க. இது செத்துப்போன பூச்சி. சின்ன சைஸ்ல பாத்தப்ப எங்களுக்கும் தெரியல." விரலைக் கீழே இறக்கினார். "இதோ, பின்னங்கால்கிட்ட பளபளன்னு ஒரு துளி. பசை. ஒட்டியிருக்கு."

அவர் பார்த்தார். குப்பிக்குள் தூசியைக் கண்டுபிடிக்கிற அதே கண்ணால் பார்த்தார். இருந்தது! காய்ந்து மினுங்கிய பசைத்துளி. கூர்மை, கூர்மை என்று தேடிய நாற்பது படங்களிலும் அவர் அதைப் பார்க்கவே இல்லை. மருந்து நெடி நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திய புடவைத் தலைப்பு நினைவுக்கு வந்தது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நீங்களே ஒட்டினீங்களா? இல்ல, வேற யாராவது வெளையாடிட்டாங்களா? சொல்லுங்க சார். வேற யாராவதுன்னா உங்களை நீக்க மாட்டோம்" என்றார் நடுவர். நல்ல மனிதர், ஒரு வழி திறந்து வைத்தார்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் காத்திருந்தார். ஜிப் திறந்தது, மூடியது. கட்டின பெண்டாட்டியே தன்னைக் கோமாளியாக்கினாள் என்று முப்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"நான்தான் ஒட்டினேன்" என்றார்.

யாரோ "தூ" என்றார்கள். படத்தை அவர் கண்ணெதிரே கழற்றினார்கள். அவருடைய உறுப்பினர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் பாதி வழி வந்ததும்தான் அவள் வாயைத் திறந்தாள். "நல்லவேளை, எங்க பேரை இழுக்கல. செடிக்குத்தான் மருந்தடிச்சேன். பூச்சி செத்து விழுந்துச்சு. தம்பிதான் ஒரு தமாசுக்கு..."

வீட்டில் மைத்துனன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "சும்மா வெளையாட்டு மாமா! நீங்க பேசினதைக் கேட்டா நீங்களே சிரிப்பீங்க" என்று செல்போனை நீட்டினான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோ. முழங்காலில் நிற்கும் ஒரு வழுக்கைத் தலை. "அப்படியே இரு தங்கம். பயப்படாத, நான்தானே." அதற்கு மேல், போனை ஒட்டினாற்போல், புடவைத் தலைப்புக்குள் அமுக்கியும் அடங்காமல் பீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் பீறிடும் ஒரு பெண்ணின் சிரிப்பு.

சிரிப்பது யார் என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. இருபது வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அவள் குரலில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

மைத்துனன் போனை இழுத்துக்கொள்ளப் போனான். அவர் விடவில்லை. திரையை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடு, மாப்ள."