பழைய லென்ஸுக்குப் பொருத்தம் பார்க்கிறவள்

பழைய லென்ஸைப் புதுக் கமெராவில் பூட்டிக் கொடுக்கிற தொழில் கலியாணத் தரகர் வேலை மாதிரித்தான்: பொருந்தினால் இரண்டு வீட்டாருக்கும் பெருமை, பொருந்தாவிட்டால் தரகருக்குத் திட்டு.

முந்தைய கமெராக்களின் வயிற்றுக்குள், நாங்கள் முகம் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. இப்போது வருகிற மிரர்லெஸ் கமெராவில் அது இல்லை. அந்த இடம் மிச்சமாகிவிட்டதால், உலகத்தில் எங்கே எப்போது செய்த லென்ஸையும் அதன் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். இடையில் சரியான கனத்தில் ஓர் அலுமினிய வளையம் வேண்டும், அவ்வளவுதான். அளவெடுத்து, கடைச்சல் பட்டறையில் வளையத்தைக் கடைவித்து, லென்ஸின் பூஞ்சணத்தைத் துடைத்துப் பூட்டிக் கொடுப்பவள் நான். புது லென்ஸில் எல்லாமே தெளிவாகத் தெரியும். அதனாலேயே கலியாணவீட்டுப் படக்காரர்கள் ஒருவருக்கும் அது பிடிப்பதில்லை.

என் கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்ட, நாங்கள் இருக்கிற வீட்டின் முன்னறை. வீடு எங்களுடையது அல்ல. கனடாவில் இருக்கிற என் கணவரின் தமையனுடையது. நாங்கள் வீட்டைப் 'பார்த்துக்கொள்கிறவர்கள்'. மாமரம் காய்த்தால் வீட்டுக்காரருடையது, கூரை ஒழுகினால் எங்களுடையது. போன வருடம் அவர், என் அத்தான், போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அடுத்த ஒழுங்கைக் கெமிஸ்ற்றி மாஸ்டர் ரியூசன் நடத்த அந்த முன்னறையைக் கேட்கிறாராம். அத்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். மற்ற அறைகளில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. முன்னறை போனால் என் தொழில் போயிற்று. முன்னறையில் தையல் மெசினோ, போன் திருத்துகிற மேசையோ, அழகுக்கலை நிலையமோ வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் எப்போது வருவாரோ என்று வயிற்றில் நெருப்போடு இருக்கிற சகோதர சகோதரிகளே, அந்த வருடத்துக் கதைகள் சிலவற்றை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணை இல்லையோ?

என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி லென்ஸைப் பற்றியது அல்ல. என்னை ஒரு தரம் பார்த்து, என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள்ளும் ஒரு தரம் எட்டிப் பார்த்து, "அண்ணை இல்லையோ?" என்பார்கள். என் வீட்டு அண்ணை கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். லென்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் விழுந்தால் உடையும் என்பதுதான்.

ஒரு சனிக்கிழமை கொக்குவிலில் இருந்து கலியாணவீட்டுப் படக்காரர் ஒருவர் வந்தார். என் கணவர் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வந்தவர் நேரே அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு, லென்ஸ் இறுகிப்போன கதையை முழுக்கச் சொல்லத் தொடங்கினார். இவரும் பாவம், பேப்பரை மடித்து வைத்துவிட்டு "ஓம்... ஓம்... அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் நான் லென்ஸைக் கழற்றி, காய்ந்துபோன பழைய கிறீசை வழித்து, புதுக் கிறீஸ் பூசிப் பூட்டி மேசையில் வைத்துவிட்டேன். படக்காரர் சுழற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. போகும்போது படலையடியில் நின்று எனக்கு ஒரு புத்திமதி சொன்னார்:

"அண்ணை நல்ல கெட்டிக்காரன், அக்கா. நீங்களும் பக்கத்திலை நிண்டு கொஞ்சம் பழகி வைச்சால் நல்லது."

பொட்டு வைத்த லென்ஸ்

சரஸ்வதி பூசைக்கு நாங்கள் புத்தகத்துக்கும் பொட்டு வைப்போம், கத்தரிக்கோலுக்கும் வைப்போம், மோட்டார் சைக்கிளுக்கும் வைப்போம். உரும்பிராய்த் தம்பி ஒருவன், நான் வளையம் போட்டுக் கொடுத்த பழைய ரஷ்ய லென்ஸைப் பூசையில் வைத்து, பக்தி மிகுதியில் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டான். அதைத் துடைக்க மறந்து அப்படியே ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டை, அந்தப் பூப்புநீராட்டு விழாவை, படமெடுத்தும் விட்டான். பிறகு ஓர் ஓய்வான நாளில் கண்டுபிடித்து, அழாக்குறையாக என்னிடம் கொண்டுவந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஒரு பொழுது மினக்கெட்டுச் சந்தனத்தை எடுத்து, கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஆள் திரும்பவும் வந்து நின்றான். சாமத்தியவீட்டுப் படங்களைக் காட்டினான். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளையின் முகம் பனிக்குள்ளால் பார்ப்பது போல மெத்தென்று இருந்தது. பின்னால் மின்குமிழ்கள் எல்லாம் வட்ட வட்டமாய் விரிந்து, ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சந்தனத்தின் நிழல் ஒரு பொட்டாய் விழுந்திருந்தது. பெண்ணின் தாய் அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாராம். அதைக் கண்ட ஒரு கலியாணவீட்டாரும் தங்களுக்கு அதே மாதிரி வேண்டும் என்கிறார்களாம். தம்பி லென்ஸை மேசையில் வைத்துத் தலையைச் சொறிந்தான்.

"கழுவினது போதும் அக்கா, பழையபடி பொட்டை வைச்சுத் தாங்கோ."

கப்பல்காரரின் தூரக்கண்ணாடி

வல்வெட்டித்துறையில் இருந்து வந்தவர் முந்திக் கப்பலில் வேலை செய்த பெரியவர். பழைய தூரக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, மகனுடைய கமெராவில் பூட்டித் தரச் சொன்னார். மகனின் வள்ளம் தொடுவானத்தில் வரும்போதே படமெடுக்க வேண்டுமாம். அளவெடுத்துக் கொடுத்தவள் நான், பிழையும் என்னுடையதுதான். வளையம் மயிரிழை கனத்துவிட்டது. அப்படிக் கனத்தால் லென்ஸுக்குத் தூரத்துப் பார்வை போய்விடும். கிட்ட இருப்பது மட்டும் தெளியும். பெரியவர் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க முதலே, அவர் சண்டை பிடிக்காமல், நிதானமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கிட்ட வந்தாப் பிறகு அவனை என்ரை கண்ணாலையே பாப்பன், பிள்ளை; தூரத்திலை வரேக்கைதான் எனக்கு உது தேவை."

அந்த வளையத்தை அன்றைக்கே திருப்பிக் கடைவித்தேன். வெட்கத்தில் பட்டறைக்கு நானே சைக்கிளில் போனேன்.

ஒரே பொம்பிளை

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த வயிற்றெரிச்சல். பழைய லென்ஸைப் பூட்டினால் புதுக் கமெராவுக்கு அது தெரியாது. 'லென்ஸ் இல்லை' என்று அறிவித்துவிட்டுப் படமெடுக்க மறுத்துவிடும். 'லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு' என்று அதற்குள் ஓரிடத்தில் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். ஒவ்வொருவரும் "ஓம், ஓம்" என்று சொல்லித்தான் போவார்கள்.

நல்லூரில் ஒரு கலியாண மண்டபத்தில் இருந்து போன் வந்தது. பின்னால் கெட்டிமேளம் கேட்கிறது. "அக்கா, தாலி கட்டுறாங்கள், இது லென்ஸ் இல்லை எண்டு நிக்குது!" என்று படக்காரர் கத்துகிறார். நான் இந்தப் பக்கத்தில், அதை அழுத்து, இதற்குள் போ என்று கத்துகிறேன். பிறகுதான் தெரிந்தது, கமெரா யப்பானில் யாரோ பாவித்துவிட்டு விற்றதாம். உள்ளே எழுத்தெல்லாம் யப்பான் எழுத்து. எங்கே எதை அழுத்துவது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மேளம் நின்றது, போனும் நின்றது. ஒரு கலியாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அத்தானின் காதுக்கு இது போனால் முன்னறைக் கதை அன்றோடு சரி. பின்னேரம் ஆளே நேரில் வந்தார், முகம் நிறையச் சிரிப்போடு. லென்ஸை மாற்றிப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளையை இன்னொரு தரம் தாலி கட்டுகிற மாதிரிச் செய்யச் சொல்லி எடுத்தாராம். "ஐயோ, பொம்பிளையின்ரை தாய் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏசத்தான் வெளிக்கிட்டவ, அக்கா, ரெண்டு தரமும் ஒரே பொம்பிளைக்குத்தானே கட்டினவர் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார்."

மானிப்பாய்க் கமிற்றி

மானிப்பாயில் இருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பித்தளையால் செய்த பாரமான லென்ஸ் ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் சுவரில் வேதாகமப் படம் காட்டுகிற இயந்திரத்தில் இருந்ததாம். அவருடைய தேவாலயக் கமிற்றியை அதால்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் முன்கூட்டியே சொன்னேன்: "ரீச்சர், இது படம் காட்டச் செய்தது, படம் எடுக்கச் செய்தது இல்லை. நடுவிலை மட்டுந்தான் தெளிவாயிருக்கும், ஓரமெல்லாம் சுழண்டு போகும்." அவர் கேட்கவில்லை.

எடுத்துக் கொண்டுவந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுவில் பாஸ்டர், மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் வரை தெளிவு. பக்கத்தில் செயலாளர் அரைவாசி தெரிகிறார். தலைவர், பொருளாளர் எல்லோரும் ஆளை ஆள் முட்டிக்கொண்டு புகையாய்ச் சுழன்று போகிறார்கள். கமிற்றிக்குள் அடுத்த படத்துக்கு யார் நடுவில் இருப்பது என்று சண்டை வந்து, கூட்டம் இரண்டாய் உடைந்துவிட்டதாம். நான் பயந்துபோய், வேறு லென்ஸ் பூட்டித் தரட்டோ என்று கேட்டேன். ரீச்சர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை, எங்கடை கமிற்றியை உள்ளது உள்ளபடி எடுத்திருக்கிறது இது ஒண்டுதான்."

கனடா அத்தான்

கடைசியில் திருவிழாவும் வந்தது, அத்தானும் வந்தார். வந்த மறுநாளே கெமிஸ்ற்றி மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தார். மாஸ்டரின் கையில் அளவு நாடா. என் மேசையைத் தள்ளினால் எத்தனை வாங்கு போட்டுப் பிள்ளைகளை இருத்தலாம் என்று அவர் அளந்தபோது, நான் மனதுக்குள் என் லென்ஸுகளை ஒவ்வொன்றாய்ப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். என் கணவர் ஒரு மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அத்தானின் கழுத்தில் புத்தம் புதிய மிரர்லெஸ் கமெரா. அடுத்த வருடம் அவருக்கு அறுபதாம் கலியாணம். அழைப்பிதழுக்குப் படம் வேண்டும். மகள் எடுத்த படத்தைக் காட்டி என்னிடமே கேட்டார்: "உதென்ன பிள்ளை, என்ரை முகத்திலை இவ்வளவு கோடு? கமெரா பழுது போலை." கமெராவில் ஒரு பழுதும் இல்லை. அந்த உண்மையைச் சொல்லி இரவல் அறையைக் காப்பாற்றினவர் எவரும் இல்லை என்பதால் நான் சொல்லவில்லை. என்னிடம் இருந்த பழைய ரஷ்ய லென்ஸ் ஒன்றை அவருடைய கமெராவில் பூட்டினேன். சாமியறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, கண்ணாடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். அத்தானை மாமரத்துக்குக் கீழே நிறுத்தி எடுத்தேன்.

படத்தில் கோடுகள் எல்லாம் போய்விட்டன. இலைகளுக்கிடையால் விழுந்த வெளிச்சம் பொட்டு வைத்த வட்டங்களாய் அவருக்குப் பின்னால் பூத்திருந்தது. எட்டிப் பார்த்த மாஸ்டர் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். பலாலி வீதிச் சந்திகளில் ரியூசன் மாஸ்டர்மார் எல்லோரும் விளம்பரப் பனரில் முகம் காட்டுகிறார்கள். இவருடைய பனர் முகத்தில் அம்மைத் தழும்பு வரை தெரியும். "வாங்கு போட வேறை அறை பாக்கலாம், சேர்," என்றார் அத்தானிடம். "உப்பிடி ஒரு முகம் வேறை இடத்திலை எடுக்கேலாது." அவரையும் மாமரத்தடியில் நிறுத்தினேன். அந்தப் படமும் நன்றாக வந்தது.

அத்தான் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போய், மூலையில் நின்ற தன் தம்பியின் முதுகில் தட்டினார். என் மனுஷன் நல்லவர். பொய் சொல்லத் தெரியாதவர். "அண்ணை, எனக்கு உதொண்டும் தெரியாது. எல்லாம் சுகந்திதான்," என்று என் பெயரைச் சொல்லி என்னைக் கைகாட்டினார். அத்தான் பூரித்துப்போனார்.

"பாத்தியளே மாஸ்டர், இவ்வளவு கெட்டித்தனத்தையும் வைச்சுக்கொண்டு எவ்வளவு அடக்கம்! சரி தம்பி, முன்னறை உன்ரை தொழிலுக்கே கிடக்கட்டும். பிள்ளையும் கூடமாட நிண்டு பழகட்டும்."

அறையும் மிஞ்சியது, ஆத்திரமும் மிஞ்சியது: எந்தக் காலத்து லென்ஸுக்கும் ஒரு வளையம் கடைவித்துப் பூட்டிவிடுவேன், ஆனால் இந்த ஊர்க் கண்களுக்குப் பூட்டுகிற வளையத்தின் அளவுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.